‘வயித்துக்குத்து’ எண்டு எழுதின லீவு

விசுவமடுப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறா. ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய ஐந்து மணிக்கு முன்னமே கொம்பனி பஸ் சந்திக்கு வந்துவிடும். அதில் ஏறினால் வீட்டுக்குத் திரும்பி வர இரவு ஏழு மணியாகும். போன வருசம் அவவுக்குப் பத்தாம் கிழமையில் கரு அழிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு மறித்து வைத்திருந்தார்கள். அடுத்த நாள் வீட்டில் படுத்திருந்தா. மூன்றாம் நாள் விடிய அதே பஸ், அதே லைன், அதே மெஷின். இரத்தம் போறது அப்பவும் நிற்கவில்லை.

லீவுப் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் அவ எழுதினது ‘வயித்துக்குத்து’.

“நான் பொய் எழுதேல்லைத் தானே, வயிறு குத்தினது உண்மை தானே” எண்டு எங்களிட்டைச் சொன்னா. அந்த மாதம் அவவின்ர வரவுக் கொடுப்பனவு வெட்டுப்பட்டது. ஒரு நாள் வராட்டிலே போகிற காசு அது. இரண்டு நாள் வராத ஆளுக்கு எப்படிக் கிடைக்கும்?

அவவிட்டைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். ஆளை அடையாளம் பிடிக்க ஏலாதபடி ஊரையும் சில விபரங்களையும் மாத்தியிருக்கிறோம். அப்படி மாத்த வேண்டியிருக்கிறதே, அதுவும் இந்தக் கட்டுரையின் விசயம்தான்.

நாங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவிலிருந்து கலைப்பீடத்துக்குப் படிக்க வந்த ஆட்கள். டெங்கு வந்தால் எங்களுக்கு மெடிக்கல் கிடைக்கும். மோட்டச்சைக்கிளால் விழுந்து கை முறிந்தாலும் கிடைக்கும். என்ன நடந்தது எண்டு அஞ்சு பேருக்கு முன்னால் சத்தமாச் சொல்லிப்போட்டு மெடிக்கலைக் குடுத்துவிட்டு வருவோம். சத்தமாச் சொல்ல ஏலாத வருத்தங்களுக்கு என்ன செய்கிறது என்று எங்களில் ஒருத்தரும் யோசித்ததில்லை. அந்த அக்கா சொன்ன பிறகுதான் யோசித்தோம். யோசித்துப் பார்த்தால், இந்த நாட்டின் தொழில் சட்டமும் எங்களைப்போலத்தான் யோசிக்காமல் இருக்கிறது.

சட்டம் எதை எண்ணுது?

இலங்கையில் பிரசவ விடுமுறை பற்றி தனியார் துறைக்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களுக்கு 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். கடைகள், அலுவலகங்களுக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். பிள்ளை உயிரோடு பிறந்தால் 84 நாள் விடுமுறை. முந்தி இந்த 84 நாள் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான்; மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள். 2018 ஆம் ஆண்டு இரண்டு சட்டங்களையும் திருத்தி, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் என்றாக்கினார்கள். நல்ல திருத்தம்.

பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டால் 42 நாள். அது அப்படியே நிற்கிறது. இந்த 42 நாளையாவது எல்லாரும் எடுக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் பேசுவது பிள்ளைப்பேற்றைப் பற்றி. மாதம் ஏறி, வலி கண்டு, பிரசவ அறைக்குப் போய் நடக்கிற ஒன்றைத்தான் அது மனதில் வைத்திருக்கிறது. ஆறாம் கிழமையிலும் பத்தாம் கிழமையிலும் நடக்கிற கருச்சிதைவுக்கென்று பெயர் சொல்லி அதில் ஒரு விடுமுறை இல்லை. குழந்தைப்பேறின்மைச் சிகிச்சைக்கும் இல்லை.

அப்போ மிச்சம் இருக்கிறது என்ன? கடை, அலுவலக ஊழியருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் தற்செயல் விடுமுறையும். தொழிற்சாலை ஊழியருக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை. தைப்பொங்கலுக்கும், கோயில் திருவிழாவுக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், மாமி செத்தாலும் எடுக்கிறது இந்தக் கணக்கிலிருந்துதான். கரு அழிந்ததும் அதே கணக்கில்தான் கழியும்.

அதாவது சட்டத்தின் கண்ணில், கையில் காட்ட ஒரு பிள்ளை இருந்தால் 84. காட்டுகிற அளவுக்கு வளர்ந்த உடல் இருந்தால் 42. காட்ட ஒண்டும் இல்லையெண்டால் ஒண்டும் இல்லை. சட்டம் எண்ணுவது பிள்ளையை. பெண்ணின் உடம்பை அது எண்ணவில்லை.

உடம்பின்ர கணக்கு

தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள். முதல் மாதங்களில் நடக்கும் கருச்சிதைவுகளில் அரைவாசி அளவுக்கு, சிலநேரம் அதற்கும் கூட, கருவின் நிறமூர்த்தங்களில் இருக்கும் பிழைதான் காரணம். உயர்தரத்தில் உயிரியல் படித்த நண்பர்களுக்கு இது தெரியும். வாளி தூக்கினதாலோ, அன்னாசி சாப்பிட்டதாலோ, இரவில் கிணத்தடிக்குப் போனதாலோ நடக்கிறதில்லை. ஆனால் ஊரில் முதல் கேள்வி எப்பவும் “நீ என்ன செய்தனி?” என்பதுதான்.

கரு கலைந்த பிறகு இரத்தப்போக்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை வரை போகலாம். சிலருக்கு முழுதாக வெளியேறாமல் ‘டி அன்ட் சி’ செய்து கருப்பையைச் சுத்தப்படுத்த வேண்டி வரும். திரும்ப ஸ்கான், திரும்பக் கிளினிக். இரத்தம் கூடப் போனால் தலைச்சுற்று, களைப்பு. சிலருக்குப் பால் கூடச் சுரக்கும். குடிக்க ஆள் இல்லாத பால். இதெல்லாம் மனதைப் பற்றிக் கதைக்க முதல், வெறும் உடம்பின்ர கணக்கு. காலில் ஆணி ஏறின ஆளை மெஷினுக்கு முன்னால் இருக்கச் சொல்ல மாட்டோம். இரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஒரு பெண் டார்கெட் முடிக்கிறா, பக்கத்து மெஷினில் இருக்கிற ஆளுக்கே தெரியாது.

எங்கட ஊர் வழக்கத்துக்குக் கூட இந்த விசயத்தில் ஓரளவு விளக்கம் இருந்தது. பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்கு என்ற பெயரில் பெண்ணைத் தீட்டாக்கி ஒதுக்கினது பிழை, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த முப்பத்தொரு நாளும் அவளை அடுப்படிக்கு விடவில்லை, பாரம் தூக்க விடவில்லை; சரக்குத்தண்ணி வைத்துக் குடுத்தார்கள், உடம்பு தேறட்டும் என்று விட்டார்கள். அதற்குள்ளும் பிள்ளை பிறந்தவளுக்குத்தான் நாள் கணக்கு. கரு அழிந்தவளுக்கு “சரி சரி, அடுத்தது தங்கும்” என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

மூண்டு மாசம் வரைக்கும் வாய் திறக்காத

வன்னியில் மட்டுமில்லை, தமிழர் வீடுகளில் பொதுவாகவே ஒரு பழக்கம் உண்டு. மூன்று மாதம் முடியும் வரைக்கும் வெளியில் சொல்லக்கூடாது. கண்ணூறு பட்டுவிடும். அந்தப் பழக்கத்துக்கும் கருச்சிதைவுக்கும் நடுவில் இருக்கிற கணக்கை ஒருக்கால் பாருங்கள். இழப்பு கூட நடக்கிற காலமும், ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்கிற காலமும் ஒன்றுதான். கர்ப்பம் எண்டே சொல்லாத ஒருத்தி, கர்ப்பம் கலைஞ்சு போச்சு எண்டு எப்படிப் போய்ச் சொல்லுவாள்?

அதுவும் யாரிடம்? கொழும்பில் ஒரு பெரிய அலுவலகத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிற ஆள் உங்களுக்கு அந்நியர். இங்கே சுப்பர்வைசர் உங்கள் மச்சாளின் ஊர். படிவத்தை வாங்கிற பிள்ளை உங்களோடு ஓ.எல். படித்தவள். பஸ்ஸில் பின் சீட்டில் இருக்கிறவ உங்கள் மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம். காலமை குடுத்த படிவம் பின்னேரம் கோயிலடியில் கதையாகிவிடும். அடுத்த நாள் வீட்டுக்கு வருகிற அன்ரி, “அவளுக்குத் தங்காதாம்” என்று முடிவே சொல்லிவிட்டுப் போவா. ‘தங்காது’ என்ற சொல் ஒரு பெண்ணின் முதுகில் ஒட்டினால் பிறகு கழட்ட ஏலாது.

இன்னொரு பயமும் இருக்கிறது. இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அல்லாமல் செய்யப்படுகிற கருக்கலைப்புக் குற்றம். அதனால் தானாகக் கலைந்தாலும் “தானாகத்தான் கலைஞ்சுதோ?” என்ற பார்வை பின்னாலேயே வரும். கலியாணம் ஆகாத பெண், கணவன் வெளிநாட்டில் இருக்கிற பெண், கணவன் இல்லாத பெண் என்றால் சொல்லத் தேவையில்லை. போருக்குப் பிறகு பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்கள் நிறைந்த மண் இது.

ஆகவே ‘கருச்சிதைவு லீவு’ என்று ஒரு தனிப் பெட்டியைப் படிவத்தில் போட்டு, அதில் சரி அடையாளம் போடச் சொன்னால், வன்னியில் அதை ஒருத்தியும் எடுக்க மாட்டாள். ‘வயித்துக்குத்து’ எண்டுதான் எழுதுவாள். இதைத்தான் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். லீவு வேண்டும், சம்பளத்தோடு வேண்டும். ஆனால் காரணத்தை ஊருக்குச் சொல்லாமல் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத உரிமை கடதாசியில் மட்டும்தான் இருக்கும்.

பிள்ளைக்காகப் போகிற பயணம்

குழந்தைப்பேறின்மைச் சிகிச்சையும் இதே பாதையில்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் வளர்ந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினைக்கு முகம் குடுக்கிறார். ஏறக்குறைய அரைவாசி இணைகளில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் ‘மலடி’ என்ற சொல்லுக்கு இருக்கிற உயிர் ‘மலடன்’ என்ற சொல்லுக்கு இல்லை.

ஐ.வி.எப். என்றால் ஒரு நாளில் போய் வருகிற வேலை என்று எங்களில் சிலர் நினைத்திருந்தோம். இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் அளவில் தினமும் ஊசி. ஒன்றுவிட்டு ஒரு நாள் போல ஸ்கான். கருமுட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த ஸ்கான் எப்ப, முட்டை எடுக்கிறது எப்ப என்று டொக்டர் சொல்லுவார். மயக்கம் குடுத்து முட்டை எடுத்து, மூன்று அல்லது ஐந்து நாளுக்குப் பிறகு முளையத்தைக் கருப்பைக்குள் வைப்பார்கள். பிறகு ஏறத்தாழ இரண்டு கிழமை காத்திருப்பு. இதில் ஒரு திகதியும் முன்கூட்டித் தெரியாது. வருடாந்த விடுமுறைக்கோ முன்கூட்டி எழுதிக் குடுக்க வேண்டும். “நாளைக்கு வாங்கோ” என்று கிளினிக்கில் பின்னேரம் சொன்னால், அடுத்த நாள் விடிய பஸ் வர முதல் அவள் என்ன செய்கிறது?

வவுனியாவில் ஒரு ரீச்சரை எங்களுக்குத் தெரியும். கலியாணம் கட்டி ஏழு வருசம். பள்ளிக்கூட விடுமுறையில் சிகிச்சையை வைக்கச் சொல்லி அதிபர் அறையில் புத்தி சொன்னார்களாம். “மாதவிலக்கு கல்வித் திணைக்களத்தின்ர நாட்காட்டி பாத்தே வருது?” என்று எங்களிடம் கேட்டா. அதிபரிடம் கேட்கவில்லை.

தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய்வர வேண்டுமென்றால், பரந்தன் வீதியால் ஏறி ஏ9 பிடித்துப் போய், அரை மணித்தியால ஸ்கானுக்கு ஒரு முழு நாள் போகும். கொழும்பு என்றால் இரண்டு நாள். காணியை ஈடு வைத்துச் சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்களும் உண்டு. 2024 மே மாதம் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டப்பட்ட பெண்கள் நலச் சிறப்பு மையம் திறக்கப்பட்டது. குழந்தைப்பேறின்மைச் சிகிச்சைக்கான வசதியும் அதில் அடங்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. வன்னிக்கு அது பெரிய விசயம். அப்படிப்பட்ட ஒரு வசதி முழுமையாக இயங்குவதற்கு ஆளணியும் கருவியும் வேண்டும் என்று எல்லாரும் கதைக்கிறோம். அங்கே போய்வரப் பெண்ணுக்கு ஒரு நாளும் வேண்டும் என்று ஒருத்தரும் கதைப்பதில்லை. கட்டடம் வாசலுக்கு வந்தாலும், லீவு இல்லாதவளுக்கு அது கொழும்பு தூரம்தான்.

கடலுக்கு அங்கால

இது எங்கேயும் இல்லாத கேள்வி இல்லை. பாக்குநீரிணைக்கு அங்கால, தமிழ்நாட்டுக்கும் பொருந்தின இந்திய மகப்பேற்று நன்மைச் சட்டம் 1961 இலேயே கருச்சிதைவுக்கு ஆறு கிழமை சம்பளத்தோடு விடுமுறை குடுத்தது. 26 கிழமைக்குள் எப்போது கலைந்தாலும் அது கருச்சிதைவு. சட்டப்படி மருத்துவ முறையில் கலைத்தாலும் அதே ஆறு கிழமை. அங்கேயும் அமைப்புசாராத் தொழிலில் இருக்கிற பெண்களுக்கு இது போய்ச் சேருவதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஒரு வரி சட்டத்தில் இருக்கிறது. ஆறு கிழமை எண்டால் 42 நாள். எங்கள் சட்டத்தில் ஏற்கனவே இருக்கிற அதே இலக்கம். புதிதாக ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. இருக்கிற கதவைக் கொஞ்சம் அகட்டச் சொல்லுகிறோம்.

பிலிப்பைன்ஸ் 2019 இல் கொண்டுவந்த சட்டம் கருச்சிதைவுக்கு 60 நாள் குடுக்கிறது. அது பணக்கார நாடு இல்லை. எங்களைப்போலப் பெண்களை வெளிநாட்டுக்கு வேலைக்கு அனுப்பிச் சாப்பிடுகிற நாடு. நியூசிலாந்து 2021 இல் மூன்று நாள் துக்க விடுமுறையை ஆக்கியது. துணைவருக்கும் அது உண்டு. மூன்று நாள் உடம்புக்குக் காணாது. ஆனால் அதை ‘துக்கம்’ என்று ஒரு பாராளுமன்றம் ஒத்துக்கொண்டதில் ஒரு பொருள் இருக்கிறது. மால்டா 2017 இல் ஐ.வி.எப். சிகிச்சைக்கு 100 மணித்தியாலச் சம்பள விடுமுறையைக் கொண்டுவந்தது. சிகிச்சை பெறுகிறவருக்கு 60, துணைவருக்கு 40. நாளாக இல்லாமல் மணித்தியாலமாகக் குடுத்ததுதான் எங்களுக்குப் பிடித்தது; ஸ்கானுக்குப் போகிற ஆளுக்குத் தேவை அதுதான். தென்கொரியா இந்தச் சிகிச்சைக்கு வருடத்துக்கு மூன்று நாள் குடுத்து வந்து, 2025 இல் அதை ஆறாக்கியது. அதில் இரண்டு நாள்தான் சம்பளத்தோடு.

இலங்கையில் கணவனுக்கு என்ன இருக்கிறது? அரச ஊழியருக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று நாள். தனியார் துறையில் சட்டப்படி ஒண்டும் இல்லை. கரு அழிந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற ஆணும் ஏதோ ஒரு பொய்யை எழுதிப்போட்டுத்தான் வந்து நிற்கிறான்.

“வேலையே இல்லை, லீவு கேக்கிறியளோ?”

இந்தக் கட்டுரையை எழுத முதல் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. மூன்று கேள்விகள் நியாயமானவை.

முதலாவது: இப்படி லீவு குடுக்கச் சொன்னால் முதலாளிமார் கலியாணம் கட்டின பெண்களை எடுக்க மாட்டார்கள். உண்மை. இலங்கையில் பிரசவ விடுமுறைச் சம்பளத்தை முழுக்கத் தொழில்தருநர்தான் குடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு இளம் பெண்ணும் அவர் கண்ணுக்குச் செலவாகத் தெரிகிறாள். இதற்கு மருந்து லீவைக் கேட்காமல் விடுவதில்லை. செலவை ஒரு ஆளின் தலையில் வைக்காமல் பொது நிதியில் வைப்பது. பிலிப்பைன்ஸில் சமூகப் பாதுகாப்பு நிதியம் குடுக்கிறது. எங்களிடமும் ஊழியர் நம்பிக்கை நிதியம் இருக்கிறது. ஆண், பெண் எல்லாருக்காகவும் தொழில்தருநர் சம்பளத்தின் 3 வீதத்தை அதற்குக் கட்டுகிறார். இதய சத்திரசிகிச்சைக்கும், சிறுநீரக மாற்றுக்கும், கண் வில்லைக்கும் அந்த நிதியம் ஏற்கனவே உதவுகிறது. கண்ணுக்குக் குடுக்கிற நிதியம் கருப்பைக்கும் குடுக்கலாம்.

இரண்டாவது: தோட்டவேலைக்கும் வெங்காயம் நடவும் கச்சான் ஆயவும் நாள் கூலிக்குப் போகிறவளுக்கு லீவு என்ற சொல்லே இல்லையே? உண்மை. வன்னியில் அப்படிப்பட்ட பெண்கள் கனபேர். அவர்களுக்கு லீவைக் குடுக்க ஏலாது, காசைக் குடுக்கலாம். கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக, குடும்பநல உத்தியோகத்தர் வழியாகத்தான் போகிறது. ஊரில் யார் கர்ப்பம் எண்டு வெளியில் சொல்லாமல் தெரிந்து வைத்திருக்கிற ஒரே ஆளும் அவதான். கரு அழிந்தவளுக்கு இரண்டு கிழமைக் கூலி அளவான ஒரு தொகையை அதே வழியால் குடுக்க முடியாதா?

மூன்றாவது கேள்விதான் எங்களைக் கொஞ்ச நேரம் பேசாமல் வைத்தது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா கேட்டது. “நாங்கள் இடம்பெயர்ந்து ஓடேக்க பங்கருக்குள்ள அழிஞ்சு போன பிள்ளையளுக்கு ஆர் லீவு தந்தது? அடுத்த நாளும் நடந்தனாங்கள் தானே பிள்ளை.”

இதற்குச் சட்டென்று பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. 2009 இல் எங்களில் பலருக்கு ஐந்து, ஆறு வயது. இந்த மண்ணில் இழப்பு என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வேறு. பெயர் வைத்து, வளர்த்து, பள்ளிக்கூடம் அனுப்பிப் பறிகொடுத்தவர்களுக்கு முன்னால், ஸ்கானில் மட்டும் பார்த்த ஒன்றுக்காக அழுவது கூச்சமாக இருக்கிறது எண்டு அந்த விசுவமடு அக்காவும் சொன்னா. அவவின் மாமியார் ஒரு மகனைத் தேடிக்கொண்டிருக்கிறவ.

பிறகு அம்மம்மாவோடு இருந்து கதைத்தபோது அவ இன்னொன்று சொன்னா. பங்கருக்குள் அழிந்ததை அவ இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லையாம். அம்மாவுக்கும் தெரியாது. இப்பத்தான் முதல் தரம் வாய் திறக்கிறா. பதினைந்து வருசத்துக்கு மேல் ஒருத்தி அதைத் தனியக் காவிக்கொண்டு திரிந்திருக்கிறா. அதைத் ‘தாங்கினாங்கள்’ என்று சொல்லுகிறோம். செல் விழுகிற நேரத்தில் நடந்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. செல் நின்ற பிறகும் அதே மாதிரி நட எண்டு சொன்னால், நின்றதுக்கு என்ன அர்த்தம்? போர்க்காலத்தில் பெண்கள் தாங்கினதை, சமாதான காலத்தில் கொம்பனி தன் அளவுகோலாக எடுக்கக் கூடாது.

நாங்கள் கேட்கிறது

தொழில் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு புதிய சட்டம் கொண்டுவரப் போகிறோம் என்று 2023 இல் தொழில் அமைச்சு அறிவித்தது. எட்டு மணித்தியால வேலைநாள் பறிபோய்விடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, எதிர்த்தது சரி. ஆனால் எந்தச் சட்டத்தைத் திறந்தாலும், எந்த அரசாங்கம் திறந்தாலும், இந்த நாலு விசயமும் மேசையில் இருக்க வேண்டும்.

எந்தக் கிழமையில் கரு அழிந்தாலும் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு லீவு. வைத்தியர் சொன்னால் 42 நாள் வரைக்கும். தானாகக் கலைந்ததா என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. வரவுக் கொடுப்பனவு வெட்டப்படக் கூடாது.

சிகிச்சைக்கு வருடத்துக்கு 100 மணித்தியாலம், பிரித்துப் பிரித்து எடுக்கக்கூடியதாக, முதல்நாள் பின்னேரம் சொன்னாலும் போதும் என்று.

துணைவருக்கும் இரண்டிலும் பங்கு.

நாலாவது, எங்களுக்கு முதலாவது: வைத்தியச் சான்றிதழில் ‘மருத்துவ காரணம், இத்தனை நாள் ஓய்வு’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். விபரம் நிதியத்துக்குப் போகட்டும், சுப்பர்வைசருக்குப் போகத் தேவையில்லை.

சட்டம் வர நாள் எடுக்கும். அது வரைக்கும் எங்களுக்கும் செய்ய வேலை இருக்கிறது. கலியாண வீட்டில் “இன்னும் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்கிற அன்ரிமாரை எங்களால் நிறுத்த ஏலாமல் இருக்கலாம். நாங்கள் கேட்காமல் இருக்கலாம். எங்களில் பலர் இன்னும் இரண்டு மூன்று வருசத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ, ஆசிரியராகவோ, அதே தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவிலோ இருப்போம். யாரோ ஒருத்தியின் லீவுப் படிவம் எங்கள் மேசைக்கு வரும். ‘வயித்துக்குத்து’ என்று எழுதியிருந்தால், “வடிவாச் சொல்லும், என்ன வருத்தம்?” என்று கேட்காமல் கையெழுத்து வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதி முடித்து அந்த அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினோம். முழுக்கக் கேட்டுவிட்டு, “காரணம் எழுதாமலே லீவு தருவினமோ?” என்று சிரித்தா. பிறகு சொன்னா, இந்த வருசத்து பதினாலு நாளில் நாலை எடுக்காமல் வைத்திருக்கிறாவாம். பொங்கலுக்கும் எடுக்கவில்லை, காய்ச்சலோடும் வேலைக்குப் போனவ.

ஏன் அக்கா எண்டு கேட்டோம்.

“இந்த மாசம் நாள் தள்ளிப் போயிருக்கு. நல்லதோ கெட்டதோ, கையில நாலு நாள் இருக்கட்டும்.”